ஆயில் மாத்துனதுக்கப்புறம் சிவப்பு ஆயில் லைட் அணையலையா? வண்டிய எடுக்காதீங்க, முதல்ல இத படிங்க

தம்பி கேட்டது சுருக்கமா இதுதான். 2015 டிசையர் டீசல், 1 லட்சத்து 12 ஆயிரம் ஓடியிருக்கு. வீட்டுப்பக்கத்து பட்டறைல சாயந்திரம் ஆயில் மாத்த விட்டிருக்காரு, பழைய ஆயில இறக்கி ஃபில்டரயும் கழட்டுனப்புறம்தான் வாங்கி வச்ச ஃபில்டர் வேற வண்டியோடதுன்னு தெரிஞ்சிருக்கு, அதுக்குள்ள ஸ்பேர் கடை மூடியாச்சு, அதனால வண்டி ராத்திரி பூரா அப்படியே நின்னு மறுநாள் மதியம்தான் புது ஃபில்டர் போட்டு ஆயில் ஊத்தியிருக்காங்க. ஸ்டார்ட் பண்ணா மீட்டர்ல சிவப்பு விளக்கு அணையவே இல்ல, அரை நிமிஷத்துல மேல ஹெட் பக்கம் டக்டக்குன்னு சத்தம் வர ஆரம்பிச்சதும் ஆஃப் பண்ணிட்டாரு. பட்டறைக்காரர் "சென்சார் போயிருக்கும், ஓட்டுங்க சரியாயிடும்"ங்கறாரு, இன்னொருத்தர் ஆயில் பம்பே போச்சு இறக்கணும்ங்கறாரு. 6 கிலோமீட்டர்தான், டவுனுக்கு மெதுவா ஓட்டிட்டு போய் வேற இடத்துல காட்டலாமா அண்ணான்னு கேக்குறீங்க.

வேணாம் தம்பி. 6 கிலோமீட்டர் இல்ல, தெரு முக்கு வரைக்கும்கூட வேணாம். சத்தம் கேட்டதும் ஆஃப் பண்ணீங்க பாருங்க, அந்த ஒரு வேலைதான் இந்நேரம் உங்க என்ஜின காப்பாத்தி வச்சிருக்கு. வண்டி நிக்கிற இடத்துலயே நிக்கட்டும், மெக்கானிக்க அங்க கூப்பிடுங்க, யாரும் வரலைன்னா ரிக்கவரி வண்டில ஏத்திக்கிட்டு போங்க. அதுக்கு ஆகுற காசையும் ஒரு க்ராங்க் பேரிங் (என்ஜினோட மெயின் தண்டு சுத்துற இடம்) வேலைக்கு ஆகுற காசையும் பக்கத்துல வச்சு பாக்கவே முடியாது.

அந்த விளக்கு என்ன சொல்லுதுன்னு மொதல்ல தெளிவா புரிஞ்சிக்குவோம், ஏன்னா பாதி பேரு அத ஆயில் கம்மி ஆனா எரியிற லைட்டுன்னு நெனச்சு டிப் ஸ்டிக்க இழுத்து பாத்துட்டு, ஆயில் ஃபுல்லா இருக்கே அப்ப லைட்தான் பொய்ன்னு முடிவு பண்ணிடறாங்க. அந்த சிவப்பு விளக்குக்கு சம்ப்ல, அதாவது என்ஜினுக்கு அடில ஆயில் தங்குற தொட்டில, எவ்வளவு ஆயில் இருக்குன்னே தெரியாது. என்ஜின் பிளாக்குல ஆயில் ஓடுற பாதைல ஒரு சின்ன சுவிட்ச் திருகி வச்சிருப்பாங்க, நாம பேச்சுக்கு சென்சார்னு சொல்றோம், பெரும்பாலான வண்டில அது வெறும் ஆன் ஆஃப் சுவிட்ச்தான். என்ஜின் ஓடாதப்ப அது பாடியோட தொட்டுக்கிட்டு இருக்கும், அதான் சாவி போட்டதும் லைட் எரியுது. ஸ்டார்ட் ஆகி ஆயில் ப்ரஷர் ஏறுனா அது விலகிக்கும், லைட் அணையும். விலகுறதுக்கு வேண்டிய ப்ரஷர் ரொம்ப ரொம்ப கம்மி, பொதுவா 5, 6 பிஎஸ்ஐ இருந்தாலே போதும். டயருக்கு 30 காத்து பிடிக்கிறோம்ல, அதுல அஞ்சுல ஒரு பங்கு. அந்த அளவுகூட வரலைன்னாத்தான் லைட் எரியும்ங்கறப்ப, எரியுதுன்னா பேரிங்குக்கு ஆயில் கிட்டத்தட்ட போகவே இல்லைன்னு அர்த்தம் பண்ணிக்கணும்.

க்ராங்க்குக்கும் அதோட பேரிங்குக்கும் நடுவுல இருக்குற இடைவெளி நம்ம தலைமுடி கனம்கூட இருக்காது. அந்த இடைவெளிய நிரப்பி நிக்கிற ஆயில் மேலதான் க்ராங்க் மெதந்துகிட்டு சுத்துது, ஆயில் இல்லன்னா இரும்பும் பேரிங்கும் நேரா உரசும். டர்போ கதை இன்னும் மோசம், அது நிமிஷத்துக்கு லட்சம் சுத்துக்கு மேல போற சாமான், அதுக்கும் இதே ஆயில்தான். அதனாலதான் மெதுவா ஓட்டுறதும் உதவாது.

இப்ப உங்க வண்டிக்கு வருவோம். சென்சார்ங்கற பேச்ச நான் ஏன் நம்பலைன்னா, நீங்க சொன்ன அந்த டக்டக் சத்தம். உங்க என்ஜின்ல டேப்பெட் (ஹெட்ல வால்வுக்கு இடைவெளி விடாம பாத்துக்குற சாமான்) அட்ஜஸ்ட் பண்றதுக்கு நட்டு கிடையாது, ஹைட்ராலிக் டேப்பெட், ஆயில் ப்ரஷர்லதான் அது நிமிர்ந்து நிக்கும். ப்ரஷர் வரலைன்னா அது அமுங்கி லூசாகி தட்ட ஆரம்பிக்கும். டைமிங் செயின தளராம இழுத்து பிடிக்கிற டென்ஷனரும் ஆயில்லதான் வேலை செய்யுது, முன்பக்கம் கரகரன்னு சங்கிலி ஆடுற சத்தம் கேட்டா அதுவும் இதே காரணம்தான். சுவிட்ச் மட்டும் போயிருந்தா லைட் எரியும், ஆனா என்ஜின் எப்பவும் போல அமைதியா ஓடும். லைட்டும் எரியுது சத்தமும் வருதுன்னா ரெண்டு சாட்சி ஆயிடுச்சு, அதுக்கு மேல யாராவது சென்சார்னு சொன்னா அவங்க பேச்ச கேட்டு வண்டிய எடுத்துடாதீங்க.

பம்பே போச்சுன்னு சொல்றவர் பேச்சையும் உடனே ஏத்துக்க வேணாம். நேத்து சாயந்திரம் வரைக்கும் நல்லா ஓடிட்டு பட்டறைக்கு வந்த வண்டி, நடுவுல பம்ப யாரும் தொடவே இல்ல. ஆயில் மாத்துன கையோட வர்ற கோளாறுக்கு காரணத்த அந்த கை பட்ட இடத்துலதான் தேடணும். நடுவுல மாறுனது என்னென்ன? ஆயில், ஃபில்டர், ஆயில இறக்க கழட்டுற ட்ரெயின் நட்டு, அப்புறம் ராத்திரி பூரா ஆயில் இல்லாம நின்ன நேரம். எனக்கு அந்த நாலாவதுதான் உறுத்துது.

உங்க வண்டில இருக்குறது ஃபியட்டோட 1.3 மல்டிஜெட், 1248 சிசி. ஸ்விஃப்ட்ல 2007ல வந்து, டிசையர், ரிட்ஸ், எர்டிகா, அந்தப்பக்கம் டாடா விஸ்டா, மான்சா, ஃபியட்டோட புன்ட்டோ, லீனியான்னு எல்லாத்துலயும் ஓடுன என்ஜின், 2020 ஏப்ரல்ல பிஎஸ் 6 புகை விதி வந்தப்ப மாருதி டீசலயே நிறுத்துற வரைக்கும் நம்ம ரோட்ல பாதி டாக்சி இதுலதான் ஓடுச்சு. நல்ல என்ஜின், நான் மனசார சொல்லுவேன், ஆனா இதுக்கு ஒரு குணம் உண்டு. ஆயில் பம்ப் முன்பக்க கவர்ல க்ராங்க்கோட சேர்ந்து உக்காந்திருக்கு, சம்ப்ல இருக்குற ஆயில் மட்டத்துக்கு மேல, அதனால அது கீழருந்து உறிஞ்சி எடுத்தாகணும். ஆயில இறக்கிட்டு ஃபில்டரையும் தொறந்து போட்டு ரொம்ப நேரம் விட்டா பம்புக்குள்ளயும் குழாய்லயும் தங்கியிருக்குற ஆயில் மொத்தமும் கீழ வடிஞ்சு பம்ப் காஞ்சு போயிடும். அப்புறம் அது காத்தத்தான் சுத்தும், ஆயில் ஏறாது.

ஊர்ல கிணத்து மோட்டார் பாத்திருப்பீங்களே, ஃபுட் வால்வ் ஒழுகி குழாய்ல தண்ணி இறங்கிடுச்சுன்னா மோட்டார் சும்மா ஓடும், தண்ணி வராது, ஏர் புடிச்சிருச்சும்பாங்க. ரெண்டு குடம் தண்ணிய மேல ஊத்தி நிரப்பி அப்புறம் சுவிட்ச் போட்டா குபுகுபுன்னு எடுக்கும். மோட்டார் ரிப்பேரா? இல்லையே. உங்க பம்புக்கும் அதேதான் நடந்திருக்கும்னு நெனக்கிறேன். இந்த என்ஜின்ல ஆயில இறக்குனா பத்து நிமிஷத்துக்குள்ள திருப்பி ஊத்திடணும்னு நான் பட்டறை பசங்ககிட்ட கண்டிப்பா சொல்லி வச்சிருக்கேன். ஃபில்டர் மாறிப்போச்சுன்னா பழைய ஃபில்டரயே திரும்ப உள்ள வச்சு மூடி, நட்ட போட்டு ஆயில ஊத்தி வச்சிருந்திருக்கணும், மறுநாள் ஃபில்டர் மட்டும் மாத்திக்கிட்டிருக்கலாம். காத்து நுழையிற வழி அடைஞ்சிருந்தா குழாய் இவ்வளவு காயாது.

சரி, எப்படி எடுக்க வைக்கிறது. மொதல்ல சமமான தரைல வண்டிய நிறுத்தி டிப் ஸ்டிக் பாருங்க, ரெண்டு குறிக்கு நடுவுல இருக்கணும், இந்த என்ஜினுக்கு 3 லிட்டர் சொச்சம்தான் பிடிக்கும். மேல் குறிய தாண்டி ஊத்தியிருந்தா அதுவும் தப்பு, க்ராங்க் அந்த ஆயில்ல அடிச்சு நொரையாக்கிடும், பம்ப் நொரைய இழுத்தா ப்ரஷர் நிக்காது. அப்புறம் வண்டிக்கு கீழ குனிஞ்சு பாருங்க, சொட்டுதான்னு.

அடுத்து ஃபில்டர் மூடிய தொறக்கணும். உங்க வண்டில இரும்பு டப்பா மாதிரி திருகுற ஃபில்டர் கிடையாது, ஹவுசிங்குக்குள்ள பேப்பர் எலிமென்ட் மட்டும் எறங்கும், மேல மூடி. எலிமென்ட் அடில சரியா உக்காந்திருக்கான்னு பாருங்க, அரைகுறையா நின்னாலோ, பாக்க ஒரே மாதிரி இருக்குற வேற சைஸ் எலிமென்ட்டா இருந்தாலோ ஆயில் வழி மாறி ஓடும். மூடில இருக்குற ஓ ரிங்க, அந்த ரப்பர் வளையத்த, விரல்ல தடவி பாருங்க. புது ஃபில்டரோட ஓ ரிங்கும் வரும், அத மாத்தாம பழசயே போடுறவங்க உண்டு, அதுக்குன்னு இருக்குற காடில போடாம பக்கத்துல போட்டு இறுக்குறவங்களும் உண்டு. நசுங்கி, ஒரு பக்கம் பட்டையா இருக்கும், பாத்த உடனே தெரியும்.

எல்லாம் சரின்னா புது ஆயில ஹவுசிங்குக்குள்ள மெதுவா ஊத்துங்க, நிரம்புனதும் அஞ்சு நிமிஷம் விடுங்க, மட்டம் கீழ எறங்கும், திரும்ப ஊத்துங்க. அப்புறம் எலிமென்ட், மூடி எல்லாம் போட்டு இறுக்கிடுங்க. இதுக்கப்புறம் உடனே ஸ்டார்ட் பண்ணக்கூடாது, இங்கதான் அவசரப்படுவாங்க. சாவிய ஆஃப் பண்ணிட்டு நாலு இன்ஜெக்டர் (டீசல உள்ள பீச்சுற சாமான்) மேல இருக்குற வயர் கப்ளரையும் உருவிடுங்க, டீசல் குழாய் எதையும் லூஸ் பண்ணாதீங்க, அதுல இருக்குற ப்ரஷர் கைய கிழிச்சிடும். இப்ப செல்ஃப் அடிச்சா என்ஜின் சுத்தும், பத்தாது. பத்து செகண்ட் அடிங்க, ஒரு நிமிஷம் செல்ஃப் மோட்டார ஆற விடுங்க, திரும்ப பத்து செகண்ட். இப்படி நாலஞ்சு தடவை. என்ஜின் பத்தாம சுத்துறப்ப பேரிங் மேல பெரிய பாரம் கிடையாது, வேகமும் கம்மி, அதனால இந்த வழி பாதுகாப்பு. இன்னொருத்தர மீட்டர் பக்கம் உக்கார வச்சு சிவப்பு லைட்டயே பாக்க சொல்லுங்க. பம்ப் பிடிச்சிடுச்சுன்னா செல்ஃப் அடிக்கிறப்பவே லைட் மங்கி அணைஞ்சிடும். பேட்டரி வீக்கா இருந்தா இன்னொரு பேட்டரி ஜம்ப் போட்டுக்கங்க.

அணைஞ்சா கப்ளர மாட்டி ஸ்டார்ட் பண்ணி ரேஸ் குடுக்காம ஐட்லிங்ல விடுங்க. அஞ்சு செகண்ட்ல லைட் போகணும், போகலைன்னா ஆஃப். டேப்பெட் சத்தம் மட்டும் ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம் இருந்து குறையலாம், உள்ள புகுந்த காத்து வெளிய போகணும்ல. கப்ளர் உருவுனதுல செக் என்ஜின் லைட் வந்திருந்தா ஸ்கேனர்ல அழிச்சிக்கலாம், அதுக்கு பயப்பட வேணாம்.

நாலஞ்சு தடவை அடிச்சும் அணையலைன்னா? அப்ப சுவிட்ச கழட்டி அந்த ஓட்டைக்கு நேரா வேஸ்ட் துணிய பிடிச்சுக்கிட்டு செல்ஃப் அடிக்க சொல்லுங்க. ஆயில் துடிச்சு துடிச்சு வெளிய வரணும். சொட்டுகூட வரலைன்னா பம்ப் இன்னும் பிடிக்கல, பெரிய சிரிஞ்ச்ல ஹோஸ் மாட்டி ஃபில்டர் ஹவுசிங்ல பம்ப்லேருந்து ஆயில் வர்ற வழில ஆயில பின்பக்கமா தள்ளி நிரப்பணும், அதுக்கு இந்த என்ஜின் கைப்பழக்கம் உள்ள ஆளே வேணும். நல்லா வருது ஆனா லைட் எரியுதுன்னா, அந்த சுவிட்ச் இருந்த இடத்துலயே ஆயில் ப்ரஷர் கேஜ மாட்டிடுங்க. முள்ளு வச்ச சாதாரண கேஜ், பெரிய பட்டறைல கண்டிப்பா இருக்கும். இந்த கேஜ் போடாம சென்சார் மாத்துறது, பம்ப் மாத்துறது ரெண்டுமே இருட்டுல கல்லெறியற வேலை. என்ஜின் நல்லா சூடானப்புறம் ஐட்லிங்ல 1 பாராவது (ஏறக்குறைய 14 பிஎஸ்ஐ) நிக்கணும், 2000 ஆர்பிஎம்க்கு மேல ரெண்டு, மூணுன்னு ஏறணும், பொதுவா இதுதான் நாங்க பாக்குற கணக்கு.

கேஜ்ல ப்ரஷர் நல்லா இருந்து லைட் மட்டும் எரிஞ்சா அப்பத்தான் சுவிட்ச் பக்கம் போகணும். அதுவும் சுலபம், சுவிட்ச் கப்ளர உருவிட்டு சாவி மட்டும் போடுங்க, லைட் அணைஞ்சா வயரு நல்லாருக்கு, சுவிட்ச மாத்துங்க. உருவியும் எரிஞ்சா வயரு எங்கயோ தோல் உரிஞ்சு பாடில தொடுது. ஃபில்டர் கழட்டுறப்ப ஸ்பேனர் பட்டு வயர் நசுங்குறது நடக்கும். சாவி போட்டா லைட் எரியவே இல்லைங்கற வண்டிய இன்னும் கவனமா பாக்கணும், கப்ளர மாட்ட மறந்திருந்தா ப்ரஷர் இல்லன்னாகூட அது சொல்லாது. ஆயில் சர்வீஸ் முடிஞ்சு வண்டிய வாங்குறப்ப சாவி போட்டு ரெண்டு செகண்ட் அந்த சிவப்பு விளக்கு எரியுதான்னு பாக்குறத பழக்கமா வச்சுக்கங்க.

சில வண்டில கதை வேற மாதிரி இருக்கும், குளுந்த என்ஜின்ல லைட் அணையும், ஒரு மணி நேரம் ஓடி சிக்னல்ல நிக்கிறப்ப மினுக்கு மினுக்குன்னு வரும். அப்ப மேனுவல்ல சொன்ன கிரேட விட தண்ணியான ஆயில் ஊத்தியிருக்கலாம், இல்ல பேரிங் ஏற்கனவே தேஞ்சிருக்கலாம், இல்ல சம்ப்ல பம்ப் ஆயில உறிஞ்சுற வாய்ல இருக்குற ஜல்லடை அடைச்சிருக்கலாம். உங்க வண்டிக்கு 5டபிள்யூ-30, பில்லுல என்ன ஊத்துனாங்கன்னு பாத்துடுங்க. லைட்ட அணைக்க 20டபிள்யூ-50 ஊத்தி கெட்டியாக்குற வைத்தியத்துக்கு மட்டும் போகாதீங்க, முள்ளு ஏறும், ஆனா காலைல குளுந்த என்ஜின்ல டர்போவுக்கு ஆயில் போய் சேர லேட்டாகும், தேஞ்சது தேஞ்சதுதான்.

ஜல்லடைன்னதும் ஒரு வண்டி ஞாபகம் வருது. சேலம் பக்கத்து டிராவல்ஸ் வண்டி, இதே என்ஜின், ஆயில் மாத்தி மூணாம் நாள்லேருந்து சூடானா லைட் மினுக்குது. வேற இடத்துல சுவிட்ச் ரெண்டு தடவை மாத்தியாச்சு. கேஜ் போட்டேன், சூட்டுல முள்ளு அரை பாருக்கு கீழ தவிக்குது. சம்ப்ப இறக்குனா ஜல்லடைல கறுப்பு சேமியா ஒட்டுன மாதிரி துண்டு துண்டா சிலிக்கான் பேஸ்ட். எப்பவோ ஸ்பீட் பிரேக்கர்ல சம்ப் அடிபட்டு தட்டி மாட்டுனப்ப வாஷர் பேஸ்ட்ட தாராளமா தடவியிருக்காங்க, உள்பக்கம் பிதுங்குனது காஞ்சு தொங்கிக்கிட்டே இருந்திருக்கு, இந்த தடவை ஆயில் மாத்துறப்ப என்ஜின் உள்பக்கத்த கழுவுற ஃப்ளஷ் ஊத்தி ஓட விட்டதுல பிச்சுக்கிட்டு ஜல்லடைல வந்து அப்பிடுச்சு. ஒவ்வொன்னா சாமணத்துல எடுத்தேன், உள்ளங்கை நெறைய வந்துச்சு. கழுவி மாட்டுனதும் சூட்டுல ஒன்னேகால் பார் நின்னுச்சு. பம்ப்ல கையே வைக்கல. உங்க வண்டில எப்பவாவது சம்ப் இறக்கியிருந்தா இதையும் மனசுல வச்சுக்கங்க.

லைட் அணைஞ்சு ஓட ஆரம்பிச்சதும் வேலை முடிஞ்சதுன்னு விட்டுடாதீங்க, அரை நிமிஷம் காய்ஞ்சு ஓடியிருக்கு. ஐட்லிங்ல அரை நிமிஷம்ங்கறதால பெருசா ஒன்னும் ஆகியிருக்காதுன்னுதான் எனக்கு தோணுது, ஆனா தோணுறத நம்பாம பாத்துடணும். ஒரு 200, 300 கிலோமீட்டர் ஓட்டுனதும் ஆயிலயும் ஃபில்டரையும் மறுபடி மாத்துங்க, இந்த தடவை எல்லா சாமானும் கைல வச்சுக்கிட்டு. கழட்டுன பேப்பர் எலிமென்ட்ட தூக்கி போட்டுடாதீங்க. பிளேடுல அறுத்து, ஆயில நல்லா வடிய விட்டு, மடிப்ப ஒவ்வொன்னா விரிச்சு வெயில்ல காட்டுங்க. வெறும் கறுப்பா இருந்தா சந்தோஷம். ஜரிகை மாதிரி மின்னுச்சுன்னா ஒரு காந்தத்த கிட்ட கொண்டு போங்க, ஒட்டுனா இரும்பு. ஒட்டாம வெள்ளையாவோ பித்தள நெறத்துலயோ மின்னுனா அது பேரிங் தூளா இருக்கலாம், அப்ப சம்ப்ப இறக்கி பேரிங் மூடி ஒன்ன கழட்டி பாத்தே ஆகணும், பேரிங் மட்டும் மாத்துறதோட போயிடும். விட்டீங்கன்னா க்ராங்க லேத்துக்கு அனுப்ப வேண்டி வரும்.

சென்சார்னு நம்பி ஓட்டுனவரையும் பாத்திருக்கேன். வாடகைக்கு ஓட்டுற மனுஷன், ஆயில் மாத்துன இடத்துல ஒன்னும் ஆகாது போங்கன்னு சொன்னத நம்பி லைட்டோட 8 கிலோமீட்டர் ஓட்டியிருக்காரு. நசுங்குன ஓ ரிங் வழியா ஆயில் மொத்தமும் ரோட்டுலயே கொட்டியிருக்கு. என்கிட்ட கட்டி இழுத்துட்டு வந்தப்ப க்ராங்க் புல்லி நட்டுல ஸ்பேனர் போட்டு ரெண்டு பேரு சேர்ந்து தொங்கியும் அசையல. அஞ்சு மாசம் வண்டி ஷெட்லயே நின்னுச்சு, அந்த அஞ்சு மாசமும் அவருக்கு வருமானம் கிடையாது. ஒரு ரப்பர் வளையத்துக்காக. அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதுறேன் தம்பி.

நாளைக்கு காலைல ஹவுசிங்க நிரப்பி செல்ஃப் அடிச்சு பாத்துட்டு எத்தனாவது தடவைல லைட் அணைஞ்சதுன்னு எழுதுங்க. கேஜ் போட்டீங்கன்னா சூடானப்புறம் ஐட்லிங்ல எவ்வளவு, 2000ல எவ்வளவுன்னு ரெண்டு நம்பரும் வேணும், அத வச்சு பம்ப தொடணுமா வேணாமான்னு சொல்றேன். அதுவரைக்கும் சாவிய வீட்டுல யார்கிட்டயும் குடுக்காதீங்க, தெரியாம யாராவது ஸ்டார்ட் பண்ணிடப் போறாங்க.